வாதாமரத்து இலைக்காரி

தை பிறந்தும் பனி விலகாத ஒரு காலையில், மேலநத்தத்துப் பாலத்தோரம் நிற்கும் வாதாமரத்திலிருந்து ஒரு சிவப்பு இலை காம்பை விட்டுப் புறப்பட்டது. புறப்பட்டது, சுழன்றது, இறங்கிக்கொண்டே வந்தது, வந்து பாலத்துத் திண்டுக்கு மேலே, திண்டில் ஏறி நிற்கிற ஒரு பெண்பிள்ளையின் தோள் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், எதன்மேலும் படாமல் நின்றுவிட்டது. எதிரே டீக்கடை போட்டிருந்த சோலையப்பன்தான் முதலில் பார்த்தார். சிலந்தி நூலில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து ரோட்டைக் கடந்து போய்த் துண்டை மேலேயும் பக்கத்திலும் வீசிப் பார்த்தார். நூல் எதுவும் அறுபடவில்லை. "சரி, அதுக்குத் தோணும்போது விழட்டும்" என்று திரும்பி வந்து பாலைக் கிண்டினார்.

மத்தியானத்துக்குள் இன்னொரு இலை அதன் பக்கத்தில் வந்து நின்றது, அதற்குக் கீழே இன்னொன்று, பிறகு வேப்பமரத்துப் பழுப்பும் அரசமரத்து மஞ்சளும் காற்றில் வழி கேட்டு வந்த மாதிரி ஒவ்வொன்றாக வந்து சேர, ஒரு தோளும், தோளிலிருந்து இறங்கும் கையும், அந்தக் கை எதையோ மாட்டியிருப்பதுபோல் மடங்குகிற முழங்கையும் தெரிந்தன. வாரம் முடிவதற்குள் திண்டின்மேல் ஒருத்தி நின்றாள். வாதாமிலைகள் அவளுக்குப் பாவாடை, அரசிலைகள் அவளுக்குத் தோல், வேப்பிலைகள் அவளுக்குப் பின்னல். எந்த இலையும் இடம் மாறி உட்காரவில்லை. பாவாடைக்கு வந்த இலை கைக்குப் போகவில்லை, பின்னலுக்கு வந்தது இடுப்பில் தங்கவில்லை. கழுத்துவரை எல்லாம் இருந்தது. கழுத்துக்கு மேலே, முகம் இருக்கவேண்டிய இடத்தில், வெறும் வெளிச்சம்.

சங்கரவடிவு, பட்டாசு லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போகிற வழியில் அவளைப் பார்த்தாள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு மறுகாலைத் தளர்த்தி, இடுப்பைக் கொஞ்சம் ஒடித்து நிற்கிற அந்த நிற்பைப் பார்த்ததும், வடிவு நடுரோட்டிலேயே நின்றுவிட்டாள். அது அவள் தங்கச்சி கனி நிற்கிற நிற்பு.

கனி தினமும் அந்தத் திண்டில் ஏறித்தான் ஆலை வேனுக்காகக் காத்திருந்தாள். போன புரட்டாசியில், தீபாவளி வேலை கழுத்தை நெரித்த ஒரு நாளில், வேன் போய்ச் சேர்ந்த பட்டாசு ஆலையில் ஒரு அறை இல்லாமல் போயிற்று. அறையில் இருந்த பிள்ளைகளும் இல்லாமல் போனார்கள். வீட்டுக்கு வந்தது வெள்ளைத்துணியில் இறுக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கனிக்கு முகம் கிடையாது. ஆதார் அட்டையில் இருந்த படத்தை ஸ்டுடியோவில் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். அம்மா சீனியம்மாள் அதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "இது எம்மவ இல்ல, எங்கேயோ போலீஸ் ஸ்டேசன்ல நிக்கிற பிள்ள" என்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டாள். செல்போன் படங்களிலும் கனி கிடைக்கவில்லை. யார் போனைத் தூக்கினாலும் உள்ளங்கையை முகத்துக்கு நேரே கொண்டுவருவது அவள் பழக்கம், அதனால் கல்யாண வீட்டுப் படங்களில் எல்லாம் ஒரு கை, பாதிப் பின்னல், இல்லாவிட்டால் கலங்கிப்போன ஒரு காது.

"நீ வரைஞ்சு குடு" என்றாள் அம்மா. "ஊருக்கெல்லாம் லேபிள் போடுறவ. கூடப்பொறந்தவ மூஞ்சி வராமப் போயிருமா?"

வராமல்தான் போயிற்று. வடிவு பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறவள். மயில், ரோஜா, மத்தாப்பு பிடித்த குழந்தை, யானைமேல் லட்சுமி. கனியை வரைய உட்கார்ந்தால் கண் பெரிதாகி, உதடு மினுங்கி, கன்னத்தில் ரோஸ் ஏறி, பெட்டிமேல் சிரிக்கிற லட்சுமிதான் திரும்பத் திரும்ப வந்தாள். ஏதோ ஒன்று விட்டுப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது, எது என்று தெரியவில்லை. வீட்டில் இருக்கிறவளை உட்காரவைத்து யார் வரைந்து பழகுகிறார்கள்?

அது மட்டுமில்லை, நிறமே போய்விட்டது. வடிவுக்கு நிறம் வந்துகொண்டிருந்த வழி கனிதான். வேனுக்குக் காத்திருக்கிற நேரத்தில் திண்டுமேல் நின்று மரத்தில் ஒரு இலையைக் குறித்துவைத்து, அது விழும்வரை நின்று, விழுந்ததும் எடுத்துச் சாப்பாட்டுத் தூக்கின் மூடிக்குள் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் அந்த இலை புளிக்குழம்பு வாசமும் பட்டாசு மருந்து வாசமும் சேர்ந்தடிக்க, ஓரத்தில் வெள்ளி மருந்து ஒட்டி மினுக்க, வடிவின் மேசைக்கு வந்துசேரும்.

"எக்கா, இது காஞ்ச மிளகா செவப்பு இல்ல, ஊறவச்ச மிளகா செவப்பு. நல்லாப் பாரு."

"எல்லாம் ஒரே செவப்புதான்டி."

"ஒங்கண்ணுல இடி விழ. இந்தா, காம்புக்கிட்ட மட்டும் பித்தளப் பாத்திரத்துல புளி தேய்ச்ச மாதிரி வெளுப்பு. இத மயிலு கழுத்துக்குப் போடு. முதலாளி மயங்கி விழுவாரு."

மயங்கி விழாவிட்டாலும் முதலாளி ஒவ்வொரு லேபிளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கிருந்து பிடிக்கிறாய் இந்தக் கலரை என்று கேட்டிருக்கிறார். இறக்கையின் வளைவுக்கு அரசிலையின் நுனி, ராக்கெட் நெருப்புக்கு வேப்பிலையின் ரம்பப்பல், லட்சுமியின் சேலைக் கரைக்கு வாதாமிலையின் நரம்பு என்று, அந்தப் பெட்டிகளில் இருந்த அத்தனையும் பாலத்து மரங்களிலிருந்து தூக்குமூடி வழியாக வந்தவை. ஒரு நாள் வடிவு அவசரத்துக்குக் கிளையிலிருந்தே ஒரு இலையைப் பறிக்கப்போக, கனி கையைத் தட்டிவிட்டாள். "பறிச்சா அது மரத்தோட கலரு. அதுவா விழுந்தாத்தான் நம்ம கலரு."

அவள் போனபின் மேசை இழுப்பறையில் சேர்த்துவைத்திருந்த இலைகள் எல்லாம் ஒன்றுபோலத் தவிட்டு நிறமாயின. அதற்குப் பிறகு வடிவு வரைந்த லேபிளைப் பார்த்து முதலாளி, "ஏம்மா, மயிலுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது, தொலைந்துபோன எல்லா நிறமும் திண்டுமேல் நின்றது.

ஊர் அவளை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. சோலையப்பன் காலையில் போடுகிற முதல் டீயை அவள் கால்மாட்டில் வைத்தார். சாயங்காலம் ஆடை படிந்து எறும்பு மிதக்கிற டம்ளரை எடுத்துக் கழுவும்போது, "இன்னைக்கும் ஒனக்குச் சீனி பத்தல போல" என்பார். ரோடு பெருக்குகிற பழனியம்மா அவளைச் சுற்றி விளக்குமாற்றை வளைத்து ஓட்டிக்கொண்டு, "உதுக்குறதுதான் உதுக்குற, கொஞ்சம் ஒதுக்கி உதுக்கு தாயி, இடுப்பு விட்டுப்போச்சு" என்று உரிமையோடு கடிந்துகொண்டாள். மினிபஸ் கண்டக்டர் தங்கப்பாண்டி படியில் தொங்கியபடி, "எறங்குறவுக எறங்குங்க, எலைக்காரி மேல இடிச்சிராம எறங்குங்க, போலாம் ரைட்" என்று கூவுவதைத் தன் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாலம் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். டவுனிலிருந்து டிவிக்காரன் ஒருவன் வந்து படம்பிடித்தான். பிடித்ததைப் போட்டுப் பார்த்தால் திண்டும் மரமும் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிற இலைகளும் மட்டும் தெரிய, "என்னய்யா இது, எல ஒதிர்றது ஒரு நியூசா?" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். காற்றடிக்கிற நாட்களில் அவள் உடம்பு முழுவதும் சலசலக்கும். அந்தச் சத்தம் மூடிய அறைக்குள் நிறையப் பிள்ளைகள் குசுகுசுவென்று பேசுகிற சத்தம்போல் இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்போது மட்டும் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு டம்ளருக்குள் பார்ப்பார்கள்.

வழக்கு வந்தது பிறகுதான். அந்த அறையில் போனது கனி ஒருத்தி இல்லையே. மேலத்தெரு வேலம்மாள் ஒரு காலையில் திண்டடியில் வந்து உட்கார்ந்து, இலைப் பாவாடையின் நுனியைத் தொட்டும் தொடாமலும் தடவிக்கொண்டு, "எம்பாண்டி. எம்பாண்டியம்மா. அவ அங்கனதான நிப்பா" என்றாள்.

சீனியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள். "மதினி, ஒம்மவ குள்ளம். அது எங்கனி."

"திண்டுமேல ஏறி நின்னா குள்ளம் ஏது, நெட்ட ஏது? சாப்பாட்டுக் கூடைய எந்தக் கையில மாட்டியிருக்கா பாரு. எம்மவ எடக்கைக்காரி."

"கூடை எங்க இருக்கு? எலைதான இருக்கு!"

"ஒனக்குத்தான் இன்னொருத்தி இருக்கால்ல, இவள எனக்கு விட்டுக்குடுத்தா என்ன?"

முகம் இருந்தால் ஒரு நொடியில் தீர்ந்துபோகிற வழக்கு, முகம் இல்லாததால் தெருத்தெருவாகப் பரவி, அந்த அறையில் பிள்ளையைக் கொடுத்த வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திண்டடிக்கு வந்து, இது என் பிள்ளையின் தோள், இது என் பிள்ளையின் இடுப்பு என்று இலை இலையாகப் பங்கு கேட்கத் தொடங்கின. அவள் நின்ற திண்டில் ஏறிப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அம்மன் கோயில் பூசாரி கருத்தப்பாண்டி யோசித்து ஒரு வழி சொன்னார். "யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியலேன்னா என்ன அர்த்தம்? எல்லாரு வீட்டுப் பிள்ளைன்னு அர்த்தம். ஒரு வீட்டுக்குன்னா முகத்தோட வந்திருப்பா. பொதுவா வந்திருக்கா, அதனால முகமில்லாம வந்திருக்கா. ஆத்தாவோட பித்தள முகம் கோயில்ல சும்மாத்தான் இருக்கு. வர்ற வெள்ளிக்கெழம கொண்டுவந்து சாத்திருவோம். எல்லாரும் கும்பிடுவோம். வழக்கு முடிஞ்சிரும்."

எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வந்தது. அன்றைக்கே சிவப்புச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து ஏணி வைத்து, நிமிர்ந்து பார்க்காமலே தோளிலிருந்து சுற்றினார்கள். சேலை ஓர் ஆள்மேல் நிற்பதுபோல் நின்றது. வேலம்மாள்கூடக் கும்பிட்டாள்.

வடிவு மட்டும் கும்பிடவில்லை. கோயிலில் திருவிழாவுக்குத் திருவிழா சாத்துகிற அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். முட்டைக் கண், மூக்குத்தி, எப்போதும் மூடாத உதடு. பெட்டிமேல் அவள் கைக்குத் திரும்பத் திரும்ப வந்த அதே லட்சுமி முகம். அது ஒரு தடவை அங்கே உட்கார்ந்துவிட்டால், பிறகு கனி என்று நினைக்கும்போதெல்லாம் பித்தளைதான் ஞாபகம் வரும். கனியின் முகம் இந்த உலகத்தில் திரும்பக் கிடைக்க இருந்த ஒரே இடமும் மூடிப்போகும்.

வெள்ளிக்கு முந்தைய சாயங்காலம் சோலையப்பன் கடை பெஞ்சில் தாளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். முகம் வராவிட்டாலும் மற்றதையாவது வரைந்துகொள்வோம் என்று, சேலை மூடாத பின்பக்கத்தை, வேப்பிலைப் பின்னலை, ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பார்த்துத் தாளில் இறக்கினாள். மஞ்சளில் பச்சை நரம்பு ஓடிய இலை, பச்சையில் மஞ்சள் பொட்டு விழுந்த இலை, நுனி கருகிய இலை. ரம்பப்பல்லும் பிறை வளைவுமாகச் சின்னச் சின்ன இலைகள் ஒன்றை ஒன்று கவ்விக் கீழிறங்கின. நெடுநாள் கழித்து அவள் கைக்கு நிறம் பிடிபட்டது. ஊறவைத்த மிளகாய், புளி தேய்த்த பித்தளை என்று கனியின் வார்த்தைகள் தூரிகைக்கு முன்னால் ஓடிப்போய் வழிகாட்டின. வரைந்து முடித்துப் பார்த்தபோது படத்தில் ஏதோ தப்பாக இருந்தது. பின்னல் முதுகில் படியவில்லை. முதுகைவிட்டு ஒரு சாண் தள்ளி, கிணற்றுக்குள் விட்ட கயிறு மாதிரி, தனியாகத் தொங்கியது. தன் கை தப்புச் செய்துவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தாள். கை தப்புச் செய்யவில்லை. திண்டுமேலும் பின்னல் அப்படித்தான் தொங்கியது.

"சோலையண்ணே, ஒரு பொம்பளைக்குச் சடை எப்ப முதுகுல ஒட்டாமத் தொங்கும்?"

"எங்கிட்ட கேட்டா? எம்பொண்டாட்டி கொண்டை போடுறவ." அவர் வடையைத் திருப்பிப் போட்டார். "ஆனா மழ வருமான்னு வானத்தப் பாக்கும்போது கொண்டையும் முதுகுல இடிக்காமத்தான் பின்னுக்குப் போகும்."

வடிவின் கையிலிருந்து தூரிகை நழுவியது. நாமெல்லாம் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது தொண்டைக்குழிக்கு மேலே இருந்த வெறும் வெளிச்சத்தில். அவள் நம்மைப் பார்த்து நிற்கவில்லை. ரோட்டைப் பார்த்தோ வேன் வருகிற திசையைப் பார்த்தோ நிற்கவில்லை. எப்போதும் நின்றமாதிரியே, அண்ணாந்து மரத்தைப் பார்த்து நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பால்குடமும் உறுமிமேளமுமாகக் கோயிலிலிருந்து ஊர் கிளம்பியது. பித்தளை முகத்தைப் புளிபோட்டு விளக்கி மஞ்சள்துணியில் பொதிந்து, பூசாரி தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார். பாலத்துக்கு வந்து பார்த்தால், வாதாமரத்தில் ஒரு பெண்பிள்ளை. வாதாமரம் ஏறுவதற்கென்றே செய்தமாதிரி தட்டுத்தட்டாகக் கிளைவிடுகிற மரம். வடிவு சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு முதல் தட்டு தாண்டி இரண்டாவது தட்டில் கால் வைத்திருந்தாள்.

"ஏய், யாரது? எறங்கு தாயி! ஆத்தா தலைக்கு மேல காலு வைக்கிற!" என்று பூசாரி பதறினார்.

"மேல எடம் இல்ல, அடுத்த வண்டியில வாங்க" என்றான் தங்கப்பாண்டி. யாரும் சிரிக்கவில்லை.

"தீட்டுப்பட்டுப் போகும், எறக்குங்கய்யா அவள!" என்று பூசாரி கத்தினார்.

கூட்டத்துக்குள்ளிருந்து சீனியம்மாள் முன்னால் வந்து மரத்தடியில் கையை விரித்து நின்றாள். "எவனாச்சும் மரத்துல கை வச்சீகன்னா பாத்துக்கோங்க. கூடப்பொறந்தவ கொம்புல ஏறி நிக்கிறதுல ஒங்க ஆத்தாவுக்கு எங்க வலிக்குது?"

உறுமி பாதி அடியில் நின்றது. வடிவு கிளையில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டு, இலைகளை விலக்காமல், இலைகளுக்கு நடுவே இருந்த சந்து வழியாகக் கீழே பார்த்தாள்.

கனி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகத்தில் ஒரு இடமும் காலியாக இல்லை. எல்லா முகத்தையும்விட நிறைந்த முகமாக இருந்தது. வாரக்கணக்காக மரம் உதிர்த்ததில் நல்லதெல்லாம் அங்கேதான் வந்து விழுந்திருந்தது. நெற்றிக்கு இளமஞ்சள் அரசிலை ஒன்று, அதன் நுனி மூக்குவரை இறங்கி மூக்காகவே ஆகியிருந்தது. புருவத்துக்கு இரண்டு வேப்பிலை, ஒன்று வளைந்தும் மற்றது கொஞ்சம் நேராகவும். ஆமாம், அவளுக்கு ஒரு புருவம் எப்போதும் சந்தேகப்படுகிறமாதிரி நேராகத்தான் இருக்கும். கண் இருந்த இடத்தில் சுருண்ட கரும்பழுப்புச் சருகுக்குள் பனித்தண்ணீர் நின்று மினுங்கியது. உதடு வாதாமிலையின் ஒரு கீற்று, ஊறவைத்த மிளகாயின் சிவப்பு, ஒரு பக்கம் கோணிக்கொண்டு சிரித்தது. இடது கன்னத்து இலையில் புழு கடித்த ஒரு ஓட்டை.

வடிவின் கண் அந்த ஓட்டையிலேயே நின்றது. கனிக்குச் சின்னவயதில் அம்மை போட்டு இடது கன்னத்தில் ஒரு குழி. எத்தனை தாளைக் கிழித்தாள், எத்தனை முகம் போட்டாள், ஒன்றில்கூட அந்தக் குழியைப் போடவில்லை. லேபிளில் யாருக்கும் குழி போடுவதில்லை. அழகாகப் போட்டுப் போட்டே அவளைத் தொலைத்திருக்கிறாள்.

"அக்கா இங்கதான்டி இருக்கேன்" என்று வடிவு மெதுவாகச் சொன்னாள். ஆனால் அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை என்பது இப்போது புரிந்தது. அவளுடைய தோளைத் தாண்டி, அவளுக்கு மேலே, எதையோ குறித்துவைத்துக்கொண்டு பார்த்தன. வடிவு கழுத்தைத் திருப்பினாள். கைக்கெட்டுகிற தூரத்தில், கிளையின் நுனியில், ஒற்றை இலை. அதன் நிறத்துக்குச் சொல் இல்லை. வெயில் படும்போது நாவல்பழம் தின்ற நாக்கு, நிழல் படும்போது அணைந்த மத்தாப்பில் கொஞ்சநேரம் மிச்சமிருக்கிற சிவப்பு, காம்பருகில் பச்சைக்குழந்தையின் நகம். புரட்டாசியில் ஒரு காலை, இந்த இலையைக் குறித்துவைத்துவிட்டு, விழுவதற்குள் வேன் வந்துவிட்டதால் ஏறிப்போயிருப்பாள். அதை எடுத்துப்போகத்தான் திரும்ப வந்து நிற்கிறாள்.

வடிவின் கை நீண்டது. ஒரு கிள்ளு. கிள்ளினால் கனிக்கு இலை கிடைக்கும், தன்னைப் பார்த்து ஒரு தடவை சிரிப்பாள். கிளையை ஓர் ஆட்டு ஆட்டினாலும் போதும். கை பாதி வழியில் நின்றது. இலை விழுந்துவிட்டால் அவளுக்கு இங்கே வேலை இல்லை என்பதும் அந்த நேரத்தில்தான் உறைத்தது. விழாமல் இருக்கவேண்டும் என்று ஒரு மனது, காத்துநிற்பவளுக்குக் கிடைக்கவேண்டும் என்று ஒரு மனது. கையை இழுத்து நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டாள். இலையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்தாள். குழியை, கோணல் உதட்டை, நேர்ப்புருவத்தை, லேபிளுக்கு ஆகாத ஒவ்வொன்றையும் கண்ணால் எடுத்து வைத்துக்கொண்டாள். கீழே பூசாரி ஏதோ சொன்னார், யாரோ அவரை அடக்கினார்கள். வெயில் ஏறியது. பால்குடத்தில் ஈ மொய்த்தது. ஊர் முழுவதும், எதற்கென்று தெரியாமலே, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

காற்றே இல்லாத ஒரு நேரத்தில் அந்த இலை காம்பை விட்டது.

வடிவின் கன்னத்தை உரசிக்கொண்டு இறங்கி, சுழலாமல், அவசரப்படாமல், அண்ணாந்த முகத்தின்மேல் போய் அமர்ந்தது. ஒரு சலசலப்பு கேட்டது. மூடிய அறைக்குள்ளிருந்து கேட்கிறமாதிரி இல்லை, கதவு திறந்து பிள்ளைகள் வேலை விட்டு வெளியே வருகிறமாதிரி. அப்புறம் சேலை தொளதொளவென்று திண்டுமேல் சரிந்தது. சேலைக்குள் இலைகள். எங்கேயும் கிடக்கிற மாதிரி இலைகள்.

யாரும் அழவில்லை. பூசாரி பித்தளை முகத்தைத் தலையிலிருந்து இறக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் ஏந்திக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ தோன்றி, அதைத் திண்டின்மேல் மல்லாக்க, வானத்தைப் பார்க்க வைத்தார். அது இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. மழை பெய்தால் அதன் கண்களில் தண்ணீர் நிற்கும்.

மரத்திலிருந்து இறங்கிய வடிவின் கையை வேலம்மாள் பிடித்துக்கொண்டாள். "மொகத்தப் பாத்தியா தாயி? யாரு? எம்பாண்டியா?"

வடிவு அம்மாவைப் பார்த்தாள், வேலம்மாளைப் பார்த்தாள். "அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னா அத்தை" என்றாள். "சிரிச்சுக்கிட்டு நின்னா."

"அப்ப எம்மவதான்" என்றாள் வேலம்மாள். "அவ அப்பிடித்தான்." சீனியம்மாள் சரிந்து கிடந்த சேலையை எடுத்து மடித்தாள்.

அந்தப் படத்தை வடிவு ஒரே மூச்சில் போட்டாள். மேலிருந்து பார்த்தபடி, அண்ணாந்த முகம், கன்னத்துக் குழியோடு. அம்மா கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினாள், மாட்டிவிட்டு முகம் சுளித்தாள். சுவரில் மாட்டினால் பிள்ளை விட்டத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்க நின்றது. கழற்றித் தரையில் வைத்து மேலே நின்று குனிந்து பார்த்தாள். அப்போது சரியாக இருந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் இறந்தவள் படம் நடுவீட்டில் தரையில் கிடக்கிறது. வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டார்கள். மாலை போட ஆணி இல்லை. காலையில் படத்தைச் சுற்றிப் பெருக்க வரும்போது, பக்கத்தில் மரமே இல்லாத அந்த வீட்டில், கண்ணாடியின்மேல் சில நாள் ஒரு இலை கிடக்கும். "வடிவு, இன்னைக்கு நாவப்பழ நெறம்" என்று அம்மா அங்கிருந்தே குரல் கொடுப்பாள். பிரஸ்ஸில் மயிலுக்குக் காய்ச்சல் தெளிந்தது.

சித்திரையில் ஒரு நாள் வேலம்மாள் வந்தாள். வாசலில் நின்று தயங்கி, உள்ளே வந்து, படத்தைக் குனிந்து பார்த்தாள். அது யார் முகம் என்பதில் இனி யாருக்கும் வழக்கு இருக்கமுடியாது. வேலம்மாள் ரொம்பநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, படத்துக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

"இவளுக்கு எடப்பக்கம் எம்மவ நிப்பா" என்றாள். "ரெண்டுபேரும் சேந்துதான் எல பாப்பாளுக. எது முந்தி விழும்னு பந்தயம் கட்டிக்கிருவாளுக." சாணளவு இடத்தைத் தரையில் உள்ளங்கையால் தடவிக் காட்டினாள். "படத்துல இந்தப் பக்கம் கொஞ்சம் எடம் விட்டிருக்கலாம்ல தாயி."

வடிவு படத்தைக் கொஞ்சம் நகர்த்தி அந்தப் பக்கம் இடம் விட்டாள். சீனியம்மாள் மதினிக்குக் காப்பி வைத்தாள்.

ஆடிக்காற்றில் வாதாமரம் மறுபடி சிவந்தது. ஒரு காலை சோலையப்பன் முதல் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு இலை புறப்பட்டு, அத்தனை காற்றிலும் அலையாமல் இறங்கி, பித்தளை முகத்துக்கு இடதுபக்கமாக, போன தடவை நின்ற உயரத்துக்கு ஒரு சாண் கீழே, குள்ளமான ஒரு பெண்பிள்ளையின் தோள் இருக்கிற உயரத்தில் நின்றது. அவர் துண்டை வீசிப் பார்க்கவில்லை. ஒருத்தரையும் கூப்பிடவில்லை. டம்ளரை வைத்துவிட்டு நேரே மேலத்தெருவுக்கு நடந்தார்.

வேலம்மாள் வந்தாள். இலையைப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி மரத்தடியில் ஒழுங்காக விட்டுவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, மரத்தில் ஏறத் தொடங்கினாள்.